மிதித்துவிட்டு வந்த இரவுகள்

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு விரல் நீளத்தில் மரச்சிலுவை. அதன் கீழே ஜப்பானிய எழுத்தில் மூன்றே எழுத்து. “என்ன போட்டிருக்கு சிஸ்டர்?” என்று கேட்டேன். அவர் குனிந்து எழுத்துக் கூட்டினார். “கு... ரு... சு.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ஆமாக்கா. நம்ம ஊரு குருசுதான். இங்கயும் அதேதான்.”

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவள் நான். சிலுவை என்பது எங்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சொல். வீட்டில் அது குருசு. தெரு முக்கில் இருப்பது குருசடி. அம்மா கொட்டாவி விட்டால் வாய்மேல் கட்டைவிரலால் போட்டுக்கொள்வது குருசு. போர்த்துகீசியர் வாயிலிருந்து எங்கள் வாய்க்கு வந்த அந்தச் சொல், கடல் கடந்து நாகசாகியில், தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே அறியாத விவசாயிகளின் வாயிலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒளிந்து கிடந்திருக்கிறது.

இரண்டு கரைக்கும் கொண்டுவந்து கொடுத்த ஆளும் ஒருவர்தான். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தமிழ் தெரிந்தவர்களை உட்காரவைத்து மந்திரங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1544 கடைசியில் எங்கள் பக்கம் வந்து ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். அதற்கு ஐந்து ஆண்டு கழித்து, 1549 ஆகஸ்ட் 15, மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளன்று, ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். இரண்டே கால் ஆண்டு இருந்தார். போய்விட்டார். சொல் தங்கிவிட்டது.

என் மகள் ஃபுகுவோகாவில் வேலை பார்க்கிறாள். அவள் பேறுகாலத்துக்கு உதவியாக வந்தேன். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும், “நாலு நாள் எங்கயாவது போயிட்டு வாங்கம்மா, இங்கயே அடைஞ்சு கிடக்கிறீங்க” என்றாள். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “சவேரியார் போன நாடாமே. நம்ம பிள்ளைக்கு அங்க ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வா.” நம்ம பிள்ளை என்றால் என் தம்பி.

தம்பி 2017 நவம்பரில் தங்கலுக்குப் போனான். பத்துப் பதினைந்து நாள் ஆழ்கடலில் கிடந்து மீன்பிடித்துவிட்டு வரும் படகு. நவம்பர் 30 விடியுமுன் ஒக்கிப் புயல் அடித்தது. கோட்டாறு சவேரியார் கோவிலில் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. பெண்கள் எல்லோரும் கோவிலிலும் மணலிலுமாக இருந்து செபமாலை சொன்னோம். ஒரு கூட்டம் ஓய்ந்தால் அடுத்த கூட்டம் எடுக்கும். இரவும் பகலும் நிற்கவில்லை. டிசம்பர் 3, சவேரியார் திருநாள், அன்றைக்கு வந்துவிடுவார்கள் என்றோம். பிறகு கிறிஸ்துமசுக்கு வந்துவிடுவார்கள் என்றோம். சில படகுகள் வந்தன. தம்பியின் படகு வரவில்லை. உடலும் வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி வைக்க எங்களுக்குக் கல்லறை கிடையாது.

அம்மா இன்றைக்கும் மாலை 7 மணிக்கு அவன் பெயரைச் சொல்லிச் செபமாலை எடுக்கிறாள். நான் அந்தக் கிறிஸ்துமசோடு நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், எல்லோரும் எழும்போது எழுவேன். வாய் திறக்காது. அம்மா முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். வழக்கமாகப் பின்பாதி சொல்லும் நான் அடுக்களையில் இருப்பேன். கொஞ்சம் பொறுத்து அதையும் அவளே சொல்லிக்கொள்வாள்.

ஹக்காதா நிலையத்தில் ரயில் ஏறி, தக்கேயோ ஓன்சென்னில் அதே நடைமேடையின் மறுபக்கம் நிற்கும் ஷின்கான்சென்னில் மாறினால் நாகசாகி. 2022 செப்டம்பரில் திறந்த பாதை. குகைகளுக்குள்ளேயே பாதித் தூரம் போய்விடுகிறது. கடல் தெரியுமே என்று ஜன்னலோரம் உட்கார்ந்தது வீண். ஊரில் பங்குச் சாமியார் வழியாகத் தொடர்பு கிடைத்த சிஸ்டர் ஒருவர் நிலையத்தில் காத்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். பதினான்கு ஆண்டுகளாக ஜப்பானில் முதியோர் பணி. என்னைக் கண்டதும் அவர் கேட்டது, “கருவாடு கொண்டாந்தீங்களாக்கா?” கொண்டுபோயிருந்தேன்.

நிலையத்துக்கு எதிரே மேடேறினால் நிஷிசாகா. 1597 பிப்ரவரி 5 அன்று 26 பேரைச் சிலுவையில் ஏற்றிக் கொன்ற குன்று. கியோட்டோவிலிருந்து குளிர்காலத்தில் நடத்தியே கூட்டிவந்தார்கள். இருபது பேர் ஜப்பானியர், ஆறு பேர் வெளிநாட்டவர். அந்த ஆறில் ஒருவர் நம் வசாய்க் கோட்டை ஊரில் பிறந்த கொன்சாலோ கார்சியா. எல்லோரிலும் இளைய லூயிசுக்கு 12 வயது. 1962இல் வைத்த வெண்கலச் சுவரில் 26 பேரும் தரையைத் தொடாத பாதங்களோடு வரிசையாக நிற்கிறார்கள். கும்பிட்டேன். ஆனால் அங்கே என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. பயமே இல்லாமல் பாடிக்கொண்டு செத்தவர்களிடம் நான் என்ன பேச? எனக்கு வேறு ஆட்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

“இங்க மிதிச்சவங்க இருந்தாங்களே, அவங்க எங்க சிஸ்டர்?” என்றேன்.

1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது. குருக்களை நாடு கடத்தினார்கள். ஒளிந்து தங்கியவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். 1644இல் கொல்லப்பட்ட மான்சியோ கொனிஷிதான் கடைசிக் குரு. அதற்குப் பிறகு பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நன்மை இல்லை. நாகசாகியிலும் சுற்றுப்புறத்திலும் ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி ஒவ்வொருவரும் அதிகாரிகள் முன்னால் மாதா படத்தையோ யேசு படத்தையோ காலால் மிதித்துக் காட்ட வேண்டும். மிதிக்கத் தயங்கினால் சிறை, சித்திரவதை, சாவு. அந்தப் படத்துக்கு ஃபுமியே என்று பெயர். முதலில் காகிதப் படங்கள். அவை கிழிந்துபோக, மரப்பலகையில் பதித்த வெண்கலத் தகடுகள் செய்தார்கள். அப்படி ஒன்றின் படத்தை ஓர் அருங்காட்சியகத்தில் வெகுநேரம் பார்த்தேன். மூக்கும் கண்ணும் கன்னமும் தேய்ந்து சமமாகிவிட்டிருந்தன. எத்தனை ஆயிரம் உள்ளங்கால்கள். அவற்றில் எத்தனை அந்த முகத்தை நேசித்த உள்ளங்கால்கள்.

மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நான் இந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டது. அவர்களிடம் கொஞ்சிரிசான் என்று ஒரு மந்திரம் இருந்தது. மனஸ்தாபம் என்பதற்கான போர்த்துகீசியச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில், மனம் நொந்து முழுமையாக மனஸ்தாபப்பட்டால் கடவுள் மன்னிப்பார் என்று சொல்லும் சிறு நூல் 1603இல் வெளிவந்தது. துன்பம் வரப்போகிறது என்று கண்ட யாரோ முன்யோசனையோடு செய்த வேலை. அச்சுப் பிரதிகள் அழிந்துபோனாலும் கையால் எழுதி எழுதி, வாயால் சொல்லிச் சொல்லி அதைக் காப்பாற்றினார்கள். பகலில் மிதித்தவர்கள் இரவில் அதைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டும் மிதித்தார்கள். அடுத்த ஆண்டும் சொன்னார்கள்.

எங்கள் ஊரில் அதற்கு உத்தம மனஸ்தாப மந்திரம் என்று பெயர். முதல் நன்மைக்கு முன் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லித்தருவார்கள். நான் அதை எவ்வளவு லேசாக ஒப்பித்திருக்கிறேன்!

ஓவுரா கோவில் துறைமுகத்துக்கு மேலே குன்றில் நிற்கிறது. வெளிநாட்டு வணிகர்களுக்காகப் பிரெஞ்சு குருக்கள் கட்டி, 1865 பிப்ரவரியில் அந்த 26 பேர் பெயரில் அர்ச்சித்தார்கள். ஊரார் அதைப் ‘பிரான்ஸ் கோவில்’ என்று வேடிக்கை பார்க்க வந்தார்கள். மார்ச் 17 அன்று உராகாமி கிராமத்திலிருந்து ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர் அளவில் வந்தார்கள். பெத்திஜான் என்ற குரு பீடத்தின் முன் முழந்தாளில் இருந்தார். ஒரு பெண் அவர் அருகே வந்து, தங்கள் நெஞ்சும் அவர் நெஞ்சும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். பிறகு கேட்டாள்: சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே?

வலப்பக்கப் பீடத்தில் அந்தச் சுரூபம் இப்போதும் இருக்கிறது. கையில் குழந்தை. நிறைய சுற்றுலாப் பயணிகள், நிறைய செருப்புச் சத்தம். நான் அந்தப் பெண் நின்றிருக்கக்கூடிய இடத்தைத் தேடி நின்றேன். கடைசிக் குரு செத்து 221 ஆண்டு. ஏழு தலைமுறை. அவளுடைய அம்மாவின் அம்மாவின் அம்மா கூட ஒரு குருவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அவளிடம் இருந்தது. மாதாவைக் காட்டினால்தான் நம் ஆள். பின்பு குருவுக்கு மனைவி இல்லை, ரோமையின் பாப்புவுக்குக் கீழ்ப்பட்டவர் என்பதையும் விசாரித்து உறுதிசெய்துகொண்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் செய்யும் வேலையா இது? நகைக்கடையில் உரசிப் பார்ப்பதுபோல உரசிப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் சொத்தொமேவுக்குப் பேருந்தில் போனோம். நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வடமேற்கே. வழியெல்லாம் மலை கடலுக்குள் இறங்குகிறது. வயல் என்று சொல்ல ஒன்றுமில்லை, கல்லடுக்கிய சிறு பாத்திகள்தான். கடல் மேற்கே. எங்கள் ஊரைப் போலவே சூரியன் கடலில் விழும் கரை. எண்டோ ஷூசாக்குவின் நினைவாக இங்கே ஓர் இலக்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1966இல் வந்த அவருடைய ‘மௌனம்’ நாவலுக்கு இந்தக் கரைதான் களம். கடவுள் ஏன் பேசவில்லை என்று கேட்கும் நாவல் என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த மேட்டில் நின்று கடலைப் பார்த்தபோது, இதைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்று பட்டது. நானும் ஒரு கடலைப் பார்த்துத்தான் கேட்டேன்.

சொத்தொமேவின் ஷித்சு கோவிலைக் கட்டிய தெ ரோ சாமியாரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 1882இல் கோவில். அடுத்த ஆண்டே ஊர்ப் பெண்களுக்கு வேலை கொடுக்க ஒரு நிலையம். நெசவும் சேமியாவும் ரொட்டியும் கற்றுக்கொடுத்தார். பசித்த வயிற்றோடு மந்திரம் சொல்லி வந்த சனத்துக்கு முதலில் என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் பார்க்க வேண்டும் என்று வந்த இடம் அதற்கும் மேலே, காட்டுக்குள். கரெமாத்சு கோவில். பெயரும் தோற்றமும் ஷிந்தோ கோவில்தான். உள்ளே வணங்கப்படுகிறவர் சான் ஜிவான், அருளப்பர் என்ற பெயருடைய ஒரு வெளிநாட்டுக் குரு. அவருடைய சீடர் பஸ்தியான் ஜப்பானிய உபதேசியார். குருக்கள் போன பிறகும் திருநாள்கள் தவறக்கூடாது என்று ஒரு நாள்காட்டியை இந்தச் சனத்துக்கு விட்டுப்போனவர் அவர்தான். அதை வைத்துத்தான் தவசுக்காலம் எப்போது, உயிர்த்த ஞாயிறு எப்போது என்று கணக்குப் பார்த்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் நாள்காட்டியைக் காப்பவர் ஒருவர், தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒருவர், வீடு வீடாகச் சேதி சொல்பவர் ஒருவர். இவ்வளவுதான் அவர்களுடைய திருச்சபை. ஏழு தலைமுறைக்குப் பிறகு பெரிய கரிய கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவார்கள், அன்றைக்குப் பாட்டுகளை உரக்கப் பாடிக்கொண்டு நடக்கலாம் என்று பஸ்தியான் சொல்லிவிட்டுப் போனதாக நம்பினார்கள்.

கோவிலுக்கு ஏறும் வழியில் ஒரு பெரிய பாறை. தவசுக்காலத்து இரவுகளில் அந்தப் பாறையின் மறைவில் உட்கார்ந்து ஒராஷோ கற்றுக்கொண்டார்களாம். ஒராஷோ என்றால் செபம். லத்தீனிலிருந்து வந்த சொல். எழுதி வைத்தால் பிடிபடும். எனவே காதோடு காதாக, கிசுகிசுப்பாக, குளிரில். நான் பாறை மேல் கையை வைத்தேன். பாசி ஈரம். பகலிலேயே வெளிச்சம் குறைவான இடம்.

“மொழி புரிஞ்சுதா சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“பாதி லத்தீன், பாதி போர்த்துகீசு, பாதி பழைய ஜப்பான் பாஷை. போகப்போக எல்லாம் தேஞ்சு கலந்துபோச்சு. சொல்றவங்களுக்கே பொருள் தெரியாதுக்கா.”

வடக்கே இகித்சுகி தீவில் இன்றும் சில பெரியவர்கள் பாடும் ஒராஷோக்கள் உண்டு. அவற்றில் ஒன்று பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் பாடிய மாதா கீதத்தின் ராகம் என்று மினகாவா தத்சுவோ என்ற இசை ஆய்வாளர் ஐரோப்பிய நூலகங்களில் ஏடுகளைத் தேடி நிறுவினார். ஐரோப்பாவில் மறந்துபோன மெட்டு ஒரு ஜப்பானிய மீனவத் தீவில் பிழைத்திருக்கிறது. பாடியவர்களுக்குப் பொருள் தெரியாது. எனக்கு என் பாட்டி நினைவுக்கு வந்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆசீர்வாதத்தின்போது லத்தீன் பாட்டுகளை ஒரு சொல் பிசகாமல் பாடுவாள், மாவாட்டும்போதும் பாடுவாள். பொருள் தெரியாமல் சொல்வது செபமா என்று படித்த திமிரில் ஒருநாள் கேட்டிருக்கிறேன். பொருள் தெரிந்த நான் நிறுத்திவிட்டேன். பொருள் தெரியாதவர்கள் இருநூறு ஆண்டு சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கணக்கு அந்தப் பாறையடியில் என்னை வெட்கப்பட வைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1865க்குப் பிறகு ஒளிந்திருந்த எல்லோரும் கத்தோலிக்கக் கோவிலுக்குத் திரும்பிவிடவில்லை. அம்மாவும் பாட்டியும் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே இருந்துகொள்கிறோம் என்று பலர் பழைய முறையிலேயே தொடர்ந்தார்கள். சாவு வீட்டில் புத்த பிக்கு முன்னறையில் சூத்திரம் ஓதும்போது பின்னறையில் தங்கள் மந்திரத்தை மெல்லச் சொல்லி வந்த குடும்பங்கள் அவை. அவர்களை வழி தவறியவர்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய சொல்லைத் திருத்தச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும்? கரெமாத்சுவில் 2000ஆம் ஆண்டு முதல் கத்தோலிக்கர், பழைய முறைக்காரர், பௌத்தர் மூன்று தரப்பினரும் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை முன்னோர்களை நினைத்துக் கூடுகிறார்கள். அந்தச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் உராகாமி. டிராமில் அமைதிப் பூங்கா நிறுத்தத்தில் இறங்கி மேடேற வேண்டும்.

சாந்தா மரியாவைக் கேட்டு வந்தார்களே, அந்தக் கிராமம் இது. அவர்கள் மகிழ்ச்சி இரண்டு ஆண்டுதான். தடைச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. 1867இல் சாவுச் சடங்குக்குப் புத்தக் கோவிலைக் கூப்பிட மாட்டோம் என்று சொன்னதில் வெளிப்பட்டார்கள். கைதுகள் தொடங்கின. மறு ஆண்டு ஆட்சியே மாறியது. புதிய மெய்ஜி அரசும் தடையை விடவில்லை. 3,394 பேரை, ஊரையே ஒட்டுமொத்தமாக, மேற்கு ஜப்பானின் பல பகுதிகளுக்கும் பிரித்து அனுப்பினார்கள். த்சுவானோ என்ற ஊரில் பனி உறைந்த குளத்தில் இறக்கி நம்பிக்கையை விடச் சொன்னார்கள். நிமிர முடியாத கூண்டில் அடைத்தார்கள். பசியில் பலர் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பலர் திரும்பவும் போய், சொன்னதை வாபஸ் வாங்கினார்கள். அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் அங்கங்கேயே செத்தார்கள். 1873இல் தடை நீங்கி மிச்சப் பேர் வீடு வந்தபோது வீடும் இல்லை, நிலமும் தரிசு.

இந்த நாடுகடத்தலுக்கு உராகாமிக்காரர்கள் வைத்த பெயர் ‘தபி’. பயணம் என்று பொருள். சிஸ்டர் இதைச் சொன்னபோது நான் படியில் நின்றுவிட்டேன். கொடுமை என்றோ வனவாசம் என்றோ சொல்லவில்லை. எங்கோ போயிருந்தோம், திரும்பி வந்தோம் என்பதுபோல. ஊரில் என் அம்மாவும் தம்பியைப் பற்றி யாராவது கேட்டால், “தங்கலுக்குப் போயிருக்கான்” என்றுதான் சொல்கிறாள். வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்த ஏழைகள் பணம் சேர்த்து முதலில் வாங்கியது எந்த நிலம் தெரியுமா? ஆண்டுதோறும் தங்களை மிதிக்க வைத்த ஊர்த் தலைவரின் வீடு இருந்த நிலம். 1880இல் வாங்கினார்கள். 1895இல் அங்கே கோவில் கட்டத் தொடங்கினார்கள். செங்கல் செங்கல்லாகச் சேர்த்து 1914இல் முடித்தார்கள். இரட்டைக் கோபுரம் 1925இல். பாட்டன் பூட்டன் மிதித்த இடத்தில் பேரன்மார் முழந்தாளிட்டார்கள். முதல் நாள் நான் தேடிய இடம் இதுதான்.

அந்தக் கோவிலுக்கு அரை கிலோமீட்டர் தூரத்தில், 1945 ஆகஸ்ட் 9 முற்பகல் 11.02க்கு அணுகுண்டு வெடித்தது. மாதா திருநாளுக்கு ஆறு நாள் இருந்தது. திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு குருக்களும், வரிசையில் நின்றவர்களும், ஒருவரும் மிஞ்சவில்லை. பங்கின் 12,000 பேரில் ஏறத்தாழ 8,500 பேர் செத்தார்கள். இருநூறு ஆண்டு ஒளிந்திருந்து, தபி போய், திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள்.

இடிந்த வடக்குக் கோபுரத்தின் தலை, குன்றின் சரிவில் விழுந்த இடத்திலேயே இன்றும் கிடக்கிறது. கோவிலுக்குள் ஒரு சிற்றாலயத்தில் குண்டில் எரிந்த மாதா இருக்கிறாள். முழு மரச் சுரூபமாக இருந்தது. மிஞ்சியது தலை மட்டும். கண்ணாடி விழிகள் இல்லை. இரண்டு கரிய குழிகள். கன்னத்தில் தீக்கறை. போரிலிருந்து திரும்பிய துறவி ஒருவர் இடிபாட்டுக்குள் கண்டெடுத்துத் தம் மடத்துக்குக் கொண்டுபோய்ப் பல ஆண்டு வைத்திருந்து திருப்பித் தந்தாராம். நான் எத்தனையோ மாதா முகங்களைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் நம்மைப் பார்க்கும். இந்த முகம் பார்க்கவில்லை. பார்த்து முடித்த முகம். 2017 டிசம்பரில் எங்கள் கரையில் மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் இந்தக் கண்தான் இருந்தது. அவள் முன்னால் தம்பிக்கான மெழுகுதிரியைக் கொளுத்தினேன்.

பக்கத்துத் தெருவில் நாகாய் தகாஷியின் குடில். எக்ஸ்ரே மருத்துவர். வேலையால் வந்த ரத்தப் புற்றோடு இருந்தவர், குண்டிலும் காயம்பட்டவர். மனைவி மிதோரி உராகாமியின் நாள்காட்டி காத்த பரம்பரைப் பெண். வீட்டுச் சாம்பலில் அவளுடைய எலும்புகளையும் அருகில் உருகிய செபமாலையையும் கண்டெடுத்தார். இரண்டு பாய் அகலக் குடிலில் படுத்தபடியே புத்தகங்கள் எழுதி 1951இல் இறந்தார். 1945 நவம்பரில் நடந்த இரங்கல் பூசையில் அவர், செத்தவர்கள் போர் முடிவதற்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட தகனபலி என்று பேசினார். அதைக் கேட்டு அழுது தேறியவர்கள் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. நான் அந்தக் குடிலின் முன் தலை வணங்கினேன். ஆனால் அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியாது. எங்களிடமும் ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் கடவுளின் திட்டம் என்றார். கடலில் செத்த பையனைக் கடவுள் கேட்டு வாங்கியதாக எந்தத் தாயிடமும் சொல்லக்கூடாது. என் அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் விளக்கை ஏற்றிச் செபமாலையை எடுத்தாள். விளக்கம் அவளுக்கு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. கூப்பிடுவதை நிறுத்தக்கூடாது என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கோபுரத்தில் இரண்டு மணிகள் இருந்தன. வடக்குக் கோபுரத்து மணி உடைந்துவிட்டது. தெற்குக் கோபுரத்து மணியைச் சாம்பலுக்குள்ளிருந்து முழுசாகத் தோண்டியெடுத்து, மூன்று கட்டைகளை நட்டுத் தொங்கவிட்டு, குண்டு விழுந்த அதே ஆண்டின் கிறிஸ்துமஸ் இரவில் அடித்தார்கள். கோவில் இல்லை, வீடுகள் இல்லை, கேட்கக் கொஞ்சம் பேர்தான். உடைந்த மணிக்குப் பதிலாக அமெரிக்கக் கத்தோலிக்கர் காசு சேர்த்து வார்த்துத் தந்த புது மணி, 2025 ஆகஸ்ட் 9 அன்று 11.02க்கு எண்பது ஆண்டுக்குப் பிறகு முதல் முறையாகப் பழைய மணியோடு சேர்ந்து ஒலித்தது. 1959இல் திரும்பக் கட்டிய கோவில் இது. உள்ளே நரைத்த தலைகளாக முப்பது நாற்பது பேர் மாலைப் பூசைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

ஆறு மணிக்குத் திரிகால செப மணி அடித்தது. வாசற்படியில் நின்றிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். காய்கறிப் பையோடு போன ஒரு பாட்டி பையைத் தரையில் வைத்துவிட்டுத் தலை குனிந்தாள். நான் கைப்பேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் மத்தியானம் இரண்டரை.

“அம்மா, இதக் கேளு” என்று கோபுரத்தை நோக்கிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன்.

மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி. எங்கள் ஊர்க் கோவிலில் அடிக்கும் அதே கணக்கு. காதில் திரும்ப வைத்தபோது அம்மா எந்த ஊர் மணி, என்ன மணி என்று ஒன்றும் கேட்கவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டிருப்பாள். திரிகால செபத்தின் முதல் வரியைச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

அடுத்த வரி என்னுடையது. அவள் காத்திருக்கும் மூச்சு எனக்குக் கேட்டது. சொன்னேன்.